ஏழு நாள் நிழலில்

ராத்திரியில் மட்டும் பூக்கும் நிஷாகந்திக்குச் சீராட்டினால் பிடிக்காது. பெரிய தொட்டி கொடுத்தால் வேரை வளர்த்துக்கொண்டு சும்மா இருக்கும். நெருக்கமான தொட்டியில்தான் மொட்டு விடும். மொட்டு வந்தபின் தொட்டியைத் திருப்பினால் கோபித்துக்கொண்டு உதிர்த்துவிடும். மூன்றாவது மாடியில், என் கிழக்கு ஜன்னலில், இதையெல்லாம் ஒன்பது வருஷம் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒன்பதாவது வருஷம்தான் முதல் பூ.

அதைப் பார்க்கத் தம்பியைக் கூப்பிட்டேன். புதுப் பெண்டாட்டியோடு வந்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். அவள் பேக்கரியில் கேக்கின்மேல் கிரீமில் பூப் போடுகிறவள். என் பூவை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அக்கா, இவளுக்கு ஒரு துண்டு வெட்டிக் குடேன். இவ தொட்டதெல்லாம் துலங்கும்."

எனக்குச் சுருக்கென்றது. அம்மா போனபின் அவனுக்குச் சமைத்துப் போட்டு, ஃபீஸ் கட்டி ஆளாக்கியவள் நான். என் சமையலை ஒரு நாள் நன்றாயிருக்கிறது என்று சொன்னவனில்லை. அவள் வெந்நீர் வைத்தால்கூட மணக்கிறது என்பான். இந்தச் செடியும் அவள் கையில் பூத்துவிட்டால் எனக்கென்று என்ன மிஞ்சும்?

நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, எத்தனை நாள் என்று ஒரு வார்த்தை விடாமல் சொல்லி, உறையிலும் எழுதிக் கொடுப்பதுதான் இருபது வருஷமாக என் பிழைப்பு. நிஷாகந்தித் தண்டை வெட்டினால் ஏழு நாள் நிழலில் காயப்போட வேண்டும். வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டியபிறகுதான் நட வேண்டும், தண்ணீரும் லேசாகத்தான் காட்ட வேண்டும். அவளிடம் நான் சொன்னது வேறு.

"வெட்டுன சூட்டோட நட்டுடும்மா. தினமும் நல்லாத் தண்ணி ஊத்து."

இரண்டு வாரத்தில் அடி அழுகிக் கொழகொழத்துப் போயிற்று. இரண்டாவது துண்டு கொடுத்தபோது அவள் தயங்கினாள். "ஃபோன்ல பார்த்தேன்கா. காயவெச்சு நடச் சொல்றாங்க. ஆனா அவங்களை எனக்குத் தெரியுமா? நீங்க வளர்த்தவங்க, நீங்க சொல்றபடியே செய்றேன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இரண்டாவதும் போயிற்று, மூன்றாவதும் போயிற்று.

"எனக்குக் கைராசி இல்லக்கா," என்று சிரித்தாள். தம்பியும் சிரித்தான். நானும்தான்.

அடுத்த வருஷம் ஐந்தாம் மாதத்தில் அவளுக்குக் கரு கலைந்தது. ஆஸ்பத்திரியில் அவள் பக்கத்தில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஒரு செடிகூடத் தங்கலயே. என் கையில எதுவும் தங்காதுபோலக்கா."

"அப்படியெல்லாம் பேசக் கூடாது," என்று அவள் தலையைத் தடவினேன். உண்மை நாக்கு நுனிவரை வந்தது. தம்பிக்குத் தெரிந்தால் என் முகத்தில் விழிப்பானா என்ற பயத்தில் விழுங்கிவிட்டேன்.

ஒரு வருஷம் கழித்து எங்கள் மாடிப்படியில் அவளைப் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பெண் சாவியைத் தேடிக்கொண்டே, "கொஞ்சம் பிடிங்களேன்," என்று கைக்குழந்தையை நீட்டினாள். இவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். "வேணாங்க. என் கை ஆகாது."

அடுத்த பூ பூக்கும்போது சொல்லிவிடுவது என்று அன்று ராத்திரியே முடிவு செய்தேன்.

பூ வந்தது. சாயங்காலமே மொட்டு உப்பி முனை நிமிர்ந்துவிட்டது. தம்பிக்கு ராத்திரி ஷிஃப்ட். அவளை மட்டும் கூப்பிட்டேன். பாவி, எனக்காக ஒரு சின்ன கேக் வேறு செய்து எடுத்துவந்திருந்தாள். எட்டரை மணிக்கு இதழ்கள் இளகத் தொடங்கின, வாசனை வந்தது. வாயைத் திறந்தேன். காயப்போட வேண்டிய ஏழு நாள், ஊற்றக் கூடாத தண்ணீர், என் வயிற்றெரிச்சல் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"தெரிஞ்சேவா சொன்னீங்க?"

"தெரிஞ்சுதான்."

"மூணு தடவையுமா?"

தலையாட்டினேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செடி போகட்டும்கா. அன்னைக்கு ஆஸ்பத்திரில நான் அப்படிச் சொன்னப்போ, இந்தக் கையாலதானே என் தலையைத் தடவுனீங்க?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள். பூ அப்போது பாதிதான் திறந்திருந்தது.

அவள் தம்பியிடம் சொல்லவேயில்லை. "உங்களுக்குள்ள என்னக்கா சண்டை? கேட்டா வாயே திறக்க மாட்டேங்கிறா," என்று அவன் இன்றும் கேட்கிறான். எந்த மானத்துக்குப் பயந்து நான் வாயை மூடிக்கொண்டேனோ, அதை அவள் காப்பாற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

வருஷா வருஷம் ஒரு தண்டை வெட்டி, ஏழு நாள் நிழலில் காயப்போட்டு, மருந்து உறையில் எப்படி நட வேண்டும் என்று ஒரு வார்த்தை விடாமல் எழுதி, தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன். மறுநாளே திரும்பி வந்துவிடும். "வேணாம்னுட்டாக்கா." காய்ந்த தண்டைக் குப்பையில் போட மனம் வராமல் நானே நட்டுவிடுகிறேன். ஒன்றுகூட அழுகியதில்லை. இப்போது ஜன்னலில் ஐந்து தொட்டி.

போன வாரம் பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். அன்றைய கைக்குழந்தை இப்போது ஓடி விளையாடுகிறது. தொட்டிகளைப் பார்த்து வாயைப் பிளந்தாள்.

"உங்களுக்கு என்ன கைராசிக்கா!"