பத்துக்குப் பத்து நடை

"காகிதத்துல பத்துக்குப் பத்துன்னு இருக்கே, அப்புறம் எதுக்குடி நடிக்கிறே?"

இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் ஜிபாரிடம் அவள் கணவன் கெனேஷ் கேட்ட கேள்வி அது. அப்போது அவள் வாய்க்கால் ஓரத்துப் பனிக்கட்டியில் குப்புற விழுந்து கிடந்தாள். அவன் குதிரையை விட்டு இறங்கக்கூட இல்லை. கேட்டான், சிரித்தான், ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டான். மாடு வீடு திரும்பும் நேரத்தில்தான் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து தூக்கினார்கள். இடது பாதத்தில் உணர்ச்சி கிடையாது. விரல்கள் உறைந்துகொண்டிருந்தது அவளுக்குத் தெரியவே இல்லை. இரண்டு விரல்களை வெட்டி எடுத்தார்கள்.

கெனேஷ் மேல் அவளுக்குக் கோபம்தான். ஆனால் அவன் படித்ததைச் சொன்னவன். எழுதினவர் மேல் இருந்த கோபம் வேறு. அது அவளோடு சாப்பிட்டது, அவளோடு தூங்கியது.

எழுதினவர் டாக்டர் எர்மெக். காய்ந்த புல் போரின் உச்சியிலிருந்து விழுந்து முதுகெலும்பு நொறுங்கிய ஜிபார், நரின் ஆற்றங்கரை ஆஸ்பத்திரியில் ஏழு மாதம் கிடந்தாள். இரண்டு ஊன்றுகோல்களோடு நிற்கப் பழகியதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றைக்கு ஒரு படிவம் நிரப்பவேண்டும். எத்தனை அடி, எத்தனை நொடி என்று டாக்டர் அளந்து எழுதுவது மேல்பகுதி. அடியில் ஒரே ஒரு கட்டம். தன் நடையைப் பற்றி நோயாளி தானே என்ன நினைக்கிறார் என்பதைப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எழுதவேண்டும். அந்தக் காகிதத்தில் அந்தக் கட்டம் மட்டும்தான் அவளுடையது.

எர்மெக் அதை அவளுக்குக் காட்டவில்லை. பேனாவைத் திறந்தபடியே வந்தார்.

"நல்லா இருக்கியா?"

"நல்லா இருக்கேன்."

"வீட்ல எல்லாரும்?"

"நல்லா இருக்காங்க."

"ஆடு மாடெல்லாம்?"

"நல்லா இருக்கு."

அந்தக் கட்டத்தில் பத்து என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். மலையில் பிறந்தவர்கள் வேறு பதில் சொல்ல மாட்டார்கள். பல்வலியில் துடிப்பவன்கூட மூன்று தடவை நல்லது என்று சொல்லிவிட்டு, தேநீர்க் கிண்ணம் கைக்கு வந்த பிறகுதான் தாடையைப் பிடித்துக்கொள்வான். எர்மெக் தேநீர்வரை காத்திருக்கவில்லை. அவர் போட்ட பத்தைப் பார்த்துவிட்டு, அவள் பெயருக்கு ஒதுக்கியிருந்த சக்கர நாற்காலியை வேறு யாருக்கோ கொடுத்தார்கள்.

அதன்பின் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து பழகினாள். ஓர் அடி வைப்பாள், 'பூஜ்யம்' என்பாள். இன்னோர் அடி, இன்னொரு பூஜ்யம். என்றாவது ஒருநாள் அந்தக் கட்டத்தை யாராவது மறுபடி நீட்டுவார்கள். எர்மெக் பக்கத்தில் நிற்பார். அன்றைக்கு வாய் குழறக் கூடாது.

இந்த இலையுதிர் காலத்தில் அவரே தொலைபேசியில் கூப்பிட்டார். தலைநகரிலிருந்து குழு வருகிறது, புதிய நடைப்பயிற்சி நிலையத்துக்குத் தலைவர் போடப் போகிறார்கள், அந்த இடம் தனக்குக் கிடைக்க அவள் வந்து நடந்து காட்டவேண்டும் என்றார்.

ஆஸ்பத்திரி நடைக்கூடத்தில் ஒரு சக்கர நாற்காலி நின்றது. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

"பாத்தியா? உனக்குத்தான். பத்துன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. இதுலயே உக்காந்து வீட்டுக்குப் போகலாம்."

"பத்துக்குப் பத்து நடக்கிறவளுக்கு நாற்காலி எதுக்கு டாக்டர்?"

"முதுகுதான் உடைஞ்சுது, வாய் அப்படியேதான் இருக்கு," என்று சிரித்தார்.

ஜிபார் சக்கரத்தைத் தொட்டாள். சத்தமில்லாமல் சுழன்றது. இதில் உட்கார்ந்தால் சந்தைக்குப் போகலாம். யாரையும் கெஞ்சாமல் வாசலுக்கு வந்து வெயிலில் இருக்கலாம். கையை எடுத்துக்கொண்டாள்.

உள்ளே பெரிய கூடத்தில், தலைநகரிலிருந்து வந்த குழுவின் தலைவி அனார்குல், நரைத்த தலையோடு கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜிபார் ஊன்றுகோல்களோடு பத்து மீட்டரையும் விழாமல் நடந்தாள். கை தட்டினார்கள்.

"இருபத்திரண்டு நொடி! இப்ப நீயே சொல்லு தங்கச்சி. உன் நடைக்குப் பத்துக்கு எத்தனை போடுவே?"

பூஜ்யம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இப்போதுதான் எல்லோரும் அவள் நடந்ததைப் பார்த்தார்கள். பூஜ்யம் என்றால் பைத்தியக்காரி, வன்மத்தில் பேசுகிறாள் என்பார்கள். எர்மெக் தப்பித்துவிடுவார். இத்தனை நாள் பழகிய சொல்லை விழுங்கினாள்.

"அக்கா, டாக்டர் அன்னிக்குக் கேட்ட மாதிரியே கேக்கச் சொல்லுங்க."

"எப்படிக் கேட்டேன்னு எனக்கென்ன ஞாபகம்?" என்றார் எர்மெக்.

"எனக்கு இருக்கு. நல்லா இருக்கியான்னு கேட்டீங்க, நல்லா இருக்கேன்னேன். வீட்ல எல்லாரும்னீங்க, நல்லா இருக்காங்கன்னேன். ஆடு மாடுன்னீங்க, நல்லா இருக்குன்னேன். பத்து போட்டீங்க. எனக்குப் போட்டீங்களா ஆட்டுக்குப் போட்டீங்களான்னு இன்னிவரைக்கும் தெரியல."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அனார்குல் சிரிக்கவில்லை. அவரும் மலையில் பிறந்தவர்தான். எர்மெக்கின் நோயாளிகளுடைய படிவக் கட்டை எடுத்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினார்.

"நாப்பத்தோரு பேர். நாப்பத்தோரு பத்து. ஏன் டாக்டர், எல்லார் வீட்டு ஆடும் நல்லா இருந்துச்சா?"

எர்மெக்கின் கழுத்து சிவந்தது.

"இப்ப நடையைத்தான் கேக்கறேன் தங்கச்சி. உண்மையைச் சொல்லு," என்றார் அனார்குல்.

"இந்த வழவழப்புத் தரையில ஏழு. எங்க வாசல் மண்ணுல ரெண்டு. பனியில..." சுவரில் சாய்ந்துகொண்டு இடது செருப்பை மற்றக் காலால் தள்ளினாள். மூன்று விரல் பாதம் வெளியே வந்தது. "பனியில இதுதான். எல்லாம் சேத்து மூணு போடுங்க."

அனார்குல் அவள் படிவத்திலிருந்த பத்தை அடித்துவிட்டு மூன்று எழுதினார். பேனாவை எர்மெக்கிடம் நீட்டினார்.

"கையெழுத்துப் போடுங்க. மீதி நாப்பது பேரையும் கூப்பிட்டு நானே கேக்கறேன். அதுவரைக்கும் தலைவர் பேச்சே வேண்டாம்."

எர்மெக் கையெழுத்துப் போட்டார். பேனா காகிதத்தைக் கிழித்தது. அந்தச் சத்தம் ஜிபாரின் நெஞ்சுக்குள் சூடான தேநீர்போல் இறங்கியது.

அவர் தன்னைக் கடக்கும்வரை காத்திருந்தாள். உட்காரவில்லை.

"டாக்டர், நல்லா இருக்கீங்களா?"

அவர் நின்றார்.

"வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

அவர் நடைக்கூடத்துக்குப் போனார். உறை பிரிக்காத நாற்காலியைப் பிடித்துத் திருப்பினார். காலியாகவே தள்ளிக்கொண்டு வெளியே போனார்.