கொடிக்கு முன்னால்

“கடைசியா வர்றதுக்கு எதுக்குடி சட்டைக்கு இஸ்திரி?”

மாமா ஒருமுறை அவளிடம் இப்படிக் கேட்டார். வருஷாவருஷம் நடக்கும் ஓட்டப் பந்தயத்துக்கு முந்தின நாள், அம்மாவின் ஓட்டச் சட்டையை அவள் தேய்த்துக்கொண்டிருந்தாள். யார் எதைக் கேட்டாலும் அவளுக்குப் பதில் அப்புறம்தான் வரும். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டதே அதனால்தான். அம்மாதான் உள்ளேயிருந்து சொன்னாள்: “முதல்ல வர்றவன் சர்ருன்னு போயிடுறாண்ணே. கடைசியா வர்றவளத்தான் எல்லாரும் நின்னு பாக்குறாங்க.”

இன்று அதே சட்டையை அதே மேசையில் தேய்த்துக்கொண்டிருந்தாள். அம்மா கூடத்தில் கிடந்தாள். நேற்று மாலை மூச்சு நின்றுவிட்டது. அம்மாவோடு விடுதிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்த பெண்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அழுதுகொண்டே, அம்மாவின் மேல் போர்த்திய விரிப்பின் ஓரத்தை ஆளுக்கொரு பக்கம் இழுத்து மடிப்பைச் சரிசெய்தபடி இருந்தார்கள்.

சட்டையை அவர்களிடம் கொடுத்தாள். போட்டுவிட்டார்கள். பிறகு அலமாரியிலிருந்து இந்த வருஷத்து நம்பர் துணியை எடுத்து, அம்மாவின் நெஞ்சில் நாலு மூலைக்கும் ஊக்குக் குத்தினாள். படுக்கையில் இருந்தபடியே அம்மா பணம் கட்டி வாங்கிவைத்த நம்பர்.

“இது என்ன கூத்து?” என்றார் மாமா.

அவள் ஊக்குப் பெட்டியை மூடி வைத்தாள்.

தீவுக்கு ஒரே சாலை. படகுத் துறையில் தொடங்கி, தீவைச் சுற்றிக்கொண்டு, திரும்பத் துறையிலேயே முடியும். இடுகாடு துறைக்குப் பின்னால். வீட்டிலிருந்து வலப்பக்கம் திரும்பினால் கூப்பிடு தூரம்தான். ஆனால் இன்று பந்தய நாள்; வலப்பக்கம் யாரும் திரும்ப முடியாது. ஓடுகிறவர்கள் வருகிற திசை அது. எல்லோருக்கும் பின்னால் பச்சைக் கொடி கட்டிய வண்டி ஒன்று ஊர்ந்து வரும். அது தீவைச் சுற்றி முடித்தால்தான் சாலை திறக்கும்.

“மதியத்துக்கு மேல ரோடு தெறந்துரும். அஞ்சு நிமிஷத்துல போயிடலாம்” என்றார் மாமா.

“சுத்திப் போலாம் மாமா.”

“என்னது?”

“அம்மா போன வருஷம் சுத்தி முடிக்கல.”

போன வருஷம் கலங்கரை விளக்கத்து மேட்டில் அம்மாவுக்கு மூச்சு முட்டிவிட்டது. கொடி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். பாதியில் ஏறுகிறவர்கள் நம்பரைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும், அதுதான் விதி. முடித்தவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். மற்ற எல்லா வருஷத்து நம்பரும் தேய்த்து மடித்து அலமாரியில் இருக்கிறது. அன்று அம்மா வெறும் சட்டையோடு வந்து வாசலில் உட்கார்ந்தாள். “ரொம்ப முடியலையாம்மா?” என்று கேட்டதற்கு, “நம்பர வாங்கிட்டான்டி” என்றாள். டாக்டர் வந்து கேட்டபோதும் அதையேதான் சொன்னாள்.

ஓட்டக்காரர்கள் வீட்டைத் தாண்டிப் போகும் சத்தம் கேட்டது. முதலில் மழைபோல, பிறகு சொட்டுச் சொட்டாக. அவள் வாசலுக்குப் போனாள். கடைசியாக ஒரு தடித்த மனிதர் வியர்வையில் நனைந்தபடி போனார். அவருக்குப் பின்னால் பச்சைக் கொடி.

அவள் சாலையின் நடுவில் போய் நின்றாள்.

வண்டி நின்றது. ஓட்டுநர் தலையை நீட்டினார். எத்தனையோ வருஷம் அம்மாவின் முதுகைப் பார்த்தபடி வண்டியோட்டியவர். போன வருஷம் நம்பரை வாங்கியவரும் அவர்தான்.

“அம்மா போயிட்டாங்க” என்றாள். “கொடிக்கு முன்னாடி விடுவீங்களா?”

அவர் வீட்டு முன்னால் நின்ற அமரர் ஊர்தியைப் பார்த்தார். “நம்பர் இருக்கா?”

“குத்தியிருக்கு.”

“நம்பர் இருந்தா கொடிக்கு முன்னாடிதான் போகணும்” என்று சொல்லி வண்டியைப் பின்னால் எடுத்து வழிவிட்டார்.

மாமா ஊர்தியில் ஏறியபோது முணுமுணுத்தார்: “பக்கத்துல இருக்கிற இடத்துக்குத் தீவையே சுத்திப் போறவன் நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.”

ஊர்தி நடை வேகத்தில் போனது. முன்னால் ஓடிய தடித்த மனிதர் திரும்பிப் பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார். “ஐயோ, எனக்காகவா வந்திருக்கு?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் ஓடினார் பாருங்கள், அப்படி ஓர் ஓட்டம். நேற்றிலிருந்து முதல் முறையாக மாமா சிரித்துவிட்டார். சிரித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கடைத்தெருவில் வழக்கம்போல ஜனங்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவுக்கு அங்கே ‘கடைசி வண்டி’ என்று பெயர். அவள் தாண்டினால்தான் நாற்காலியை எடுத்து வைத்துக் கடை திறப்பார்கள். முடிவெட்டும் கடைக்காரர் வருஷாவருஷம், “அக்கா, கடைசி ஆளு கதவ சாத்திட்டுப் போங்க!” என்று கத்துவார். “தாப்பாளும் போட்டுட்டேன், போங்கய்யா!” என்று அம்மா திருப்பிக் கத்துவாள்.

இன்று கத்துவதற்குத்தான் அவர் வாயைத் திறந்தார். ஊர்தியின் கண்ணாடி வழியே நம்பர் தெரிந்தது. வாய் திறந்தபடியே நின்றவர், கையைத் தட்டினார். பக்கத்துக் கடைக்காரர் எழுந்து தட்டினார். அப்புறம் தெருவே எழுந்து நின்றது. ஒருவரும் நாற்காலியைத் தொடவில்லை.

வெளியூர்க்காரர் ஒருவர் ஊர்திக்குள் எட்டிப் பார்த்து, “யாருங்க அவங்க? ஜெயிச்சவங்களா?” என்று கேட்டார்.

மாமா கண்ணாடியை முழுக்க இறக்கினார். “என் தங்கச்சி” என்றார். அடுத்த திருப்பத்தில் யாரும் கேட்கவில்லை. அங்கேயும் சொன்னார்.

கலங்கரை விளக்கத்து மேட்டில் ஊர்தி திணறியது. அவள் முன் இருக்கையின் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். போன வருஷம் அம்மா உட்கார்ந்த கல் வந்தது. பின்னால் போனது. மேடு முடிந்து சாலை இறங்கியதும் கடல் தெரிந்தது. அவள் குனிந்து, “தாண்டியாச்சும்மா” என்றாள்.

துறையில் பந்தயம் நடத்துகிறவர்கள் முடிவுக் கோட்டை அழிக்காமல் வைத்திருந்தார்கள். ஊர்தி அதைக் கடந்து நின்றது. கொடி வண்டியும் கடந்து நின்றது. மாமா இறங்கிப் பின்கதவைத் திறந்தார்.

கொடி வண்டிக்காரர் நடந்து வந்தார். கையில் ஒரு துணிப்பை. பாதியில் ஏறியவர்களின் நம்பர்களைப் போட்டுவைக்கிற பை. அவள் அம்மாவின் நெஞ்சின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

“முழுசா சுத்திட்டாங்க” என்றாள். குரல் உயர்ந்துவிட்டது. அவளுக்கே அது புதிதாக இருந்தது.

அவர் அவள் கையைப் பார்த்தார். அவள் மெல்ல எடுத்தாள். வழியில் குலுங்கியதில் ஓர் ஊக்குக் கழன்று, நம்பரின் ஒரு மூலை மடங்கியிருந்தது. அவர் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அந்த மூலையை நிமிர்த்தி விரலால் நீவி, ஊக்கைத் திரும்பக் குத்தினார். இழுத்துப் பார்த்தார். நின்றது.

பிறகு தன் வண்டிக்குப் போய்ப் பச்சைக் கொடியைக் கழற்றிச் சுருட்டினார். சுருட்டிய கொடியோடு கடலைப் பார்த்து நடந்து போனார்.