கேட்டுக் கொக்கி

கேட்டுக் கொக்கியில் பை இல்லை.

மஞ்சுளா முதலில் கீழே பார்த்தாள். பிறகு முருங்கை மரத்தைப் பார்த்தாள். பை தானாக எழுந்து நடந்து போயிருக்கும் என்பதுபோலத் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். துக்கத்துக்கு வந்தவர்களின் செருப்புகளும், நேற்று இறைத்த சாமந்தி இதழ்களும்தான் கிடந்தன. கறுப்பு கவரைக் காணோம். அந்தக் கவருக்குள் ஒரு மண் கலயம். கலயத்துக்குள் அவளுடைய மாமனார் தணிகாசலம்.

நேற்று சாயந்திரம் எரிவாயுத் தகன மேடையில் கொடுத்த சாம்பல் அது. சின்ன மாமனார் கோதண்டம்தான் கலயத்தின் வாயை வெள்ளைத் துணியால் கட்டி, தெருப் பிள்ளைகள் கண்ணில் பட வேண்டாம் என்று கறுப்பு கவரில் போட்டார். அஸ்தியை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. அதனால் வாசல் முருங்கையில் கட்டித் தொங்கவிட்டார். காலையில் வேன் வந்ததும் மகாபலிபுரம் போய்க் கடலில் கரைப்பதாக ஏற்பாடு.

முருங்கைக் கிளையை நம்பி யாராவது எதையாவது கட்டுவார்களா? விடிந்ததும் வாசல் பெருக்க வந்த மஞ்சுளாவின் கண்ணெதிரிலேயே அது முறிந்து சரிந்தது. ஓடிப்போய்ப் பையைத் தாங்கி அவிழ்த்தாள். கீழே வைக்க மனம் வரவில்லை, ஒரு நாய் வேறு மோப்பம் பிடித்துக்கொண்டு நின்றது. கை தானாகப் போய்க் கேட்டுக் கொக்கியில் மாட்டியது. தினமும் குப்பைப் பையை மாட்டிப் பழகிய கை. ஒரு நிமிஷம்தான், வேறு இடம் பார்த்து வைத்துவிடலாம் என்று நினைத்தாள். அதற்குள் சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கிய பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதபடியே உள்ளே இழுத்துப் போய்விட்டார்கள்.

அந்தக் கொக்கியை அடித்தவரே மாமாதான். குப்பை லாரி டிரைவர் வீட்டுக் கேட்டில் குப்பைக்கென்று ஒரு கொக்கி. "நாய் இழுத்துப் போட்டா குப்பை எடுக்க வர்ற சசிரேகாதான் குனிஞ்சு குனிஞ்சு பொறுக்கணும். அதுக்கு இடுப்பு வலி கீது, பாவம்" என்று சொல்லிக்கொண்டே ஆணி அடித்தார். அடித்த கொக்கியில் கடைசியில் தானே போய்த் தொங்குவோம் என்று அவர் கண்டாரா?

இனி அவள் எத்தனை நல்லது செய்தாலும் சரி, எத்தனை கல்யாணத்துக்கு முன்னால் நின்று பந்தி பரிமாறினாலும் சரி, வல்லம் வடகால் சுற்றுவட்டாரத்தில் அவளைப் பற்றி ஒரே பேச்சுதான் இருக்கும். மருமகள் மாமனாரைக் குப்பையில் போட்டுவிட்டாள். பரிந்து பேச ஒரு வாய் கிடைக்காது. பேச்சை விடு, அத்தை முகத்தில் எப்படி விழிப்பது?

அத்தை பாஞ்சாலி முந்தாநாளிலிருந்து ஒரே வார்த்தையைத்தான் சொல்லி அழுதுகொண்டிருந்தாள். "தண்ணி வெச்சேனே, குளிக்காம பூட்டியே." டூட்டி முடிந்து வந்தால் மாமா முன்வாசல் வழியாக வரமாட்டார். பக்கத்துச் சந்தில் நுழைந்து பின்பக்கம் போவார். துவைக்கிற கல்லின் பக்கத்தில் வெந்நீர் வாளியும் சோப்பு டப்பாவும் காத்திருக்கும். லாரியின் புளித்த வாடை போகக் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைப்பார். முந்தாநாள் கல்லில் உட்கார்ந்தவர், "நெஞ்ச இன்னாவோ அடைக்குது பாஞ்சாலி" என்றார். சட்டைப் பொத்தானைக்கூட அவிழ்க்கவில்லை. ஆம்புலன்ஸ் ஸ்ரீபெரும்புதூர் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நேற்று பங்காளிகள் நீர்மாலை எடுத்துவந்து குளிப்பாட்டினார்கள். அதை அத்தை குளியலாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

"இன்னாம்மா, வேன் வர்லியா இன்னும்?" நாற்காலியிலிருந்து கோதண்டம் கேட்டார்.

"அவுரு கூட்டியாரப் போய்கீறாரு சின்ன மாமா. நான் பால் வாங்கியாறேன்."

மரத்தை அவர் திரும்பிப் பார்க்கும் முன்பே மஞ்சுளா ஸ்கூட்டியைக் கிளப்பிவிட்டாள்.

சசிரேகா தெருக்கோடியில் பேட்டரி வண்டியை நிறுத்திப் பச்சைத் தொட்டியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். நேற்று மாமாவின் காலடியில் நின்று மாரடித்து அழுதவள்தான்.

"சசிக்கா, எங்க வூட்டு கேட்டுல ஒரு கறுப்பு கவர்..."

"எடுத்துட்டேன்டி. சாவு வூடாச்சேன்னு பாட்டக்கூட நிறுத்திட்டுதான் வந்தேன். மாலை கீல இருக்கும்னு நெனச்சேன். நல்ல கனம்."

ஒவ்வொரு நாளும் தெருவே அலறும்படி 'மக்கும் குப்பை, மக்காத குப்பை' என்று பாடிக்கொண்டு வருகிற வண்டி. இன்றைக்கு மட்டும் மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டு வந்திருக்கிறது. பாட்டு கேட்டிருந்தால் மஞ்சுளா எவள் கையையாவது உதறிவிட்டு ஓடி வந்திருப்பாள்.

"அது மாலை இல்லக்கா. மாமா."

சசிரேகாவுக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. புரிந்ததும் கையிலிருந்த தொட்டி நழுவிக் கீழே விழுந்தது. "ஐயோ, அண்ணனா! நான் அப்பவே மினி டிப்பர்ல போட்டுட்டேனே! அது கம்பாக்டருக்குப் பூடுச்சே!"

கம்பாக்டர் என்றால் குப்பையை அமுக்குகிற லாரி. அது மாமாவின் வண்டி. சாப்பிட உட்கார்ந்தால் அவருக்கு வண்டிப் பேச்சுதான். மற்ற வீடுகளில் மாமனார்கள் அரசியல் பேசுவார்கள், இவர் குப்பை வண்டிகளுக்கு மார்க் போடுவார். ஆரம்பத்தில் ஓட்டிய டிராக்டர் டிரெய்லருக்கு மரியாதையே கிடையாது, எல்லாம் மண்வெட்டி வேலை. அடுத்தது தூக்கு வண்டி. இரண்டு இரும்புக் கையை நீட்டித் தெருமுனைத் தொட்டியைக் குழந்தையைத் தூக்குவதுபோல முதுகில் தூக்கி வைத்துக்கொண்டு போகும். மினி டிப்பர் முறத்தைச் சாய்ப்பதுபோலக் கொட்டும், அதோடு சரி. "கம்பாக்டர்தாம்மா ராஜா. பின்னால வாய் கீது பாரு, அதுல கொட்டினா மேலேர்ந்து ஒரு பிளேடு எறங்கி வாரும். வாரி உள்ள இட்டுகினு போயி அமுக்கும். ஒரு தெருக் குப்பைய ஒரு மூட்டையா ஆக்கிடும்." சொல்லும்போது ரசத்தை ஊற்றிய சோற்றைப் பிசைந்து அமுக்கிக் காட்டுவார். அவளுக்குச் சிரிப்பாக வரும். இப்போது அந்தக் கை கண்முன்னால் வந்து நின்றது.

"ஏறுக்கா."

மாமாவிடம் ஹெல்பராக இருந்த கலைமணிதான் இன்றைக்கு அந்த வண்டியை ஓட்டுகிறான். டிரைவர் இல்லாமல் வண்டி நிற்கக் கூடாதென்று சூப்பர்வைசர் நேற்றே அவனிடம் சாவியைக் கொடுத்துவிட்டான். பின்னால் உட்கார்ந்த சசிரேகா அவனுக்குப் போன் போட்டுக்கொண்டே வந்தாள். எடுக்கவில்லை. லீவர் பிடித்தால் அந்த இரைச்சலில் போன் எங்கே கேட்கும்? வழியில் கம்பெனி பஸ்கள் ஷிப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு சாலையை அடைத்து நின்றன. மஞ்சுளா மண்ணில் இறக்கி ஓட்டினாள். 'முருகா, முருகா' என்று வாய் சொல்லிக்கொண்டிருந்தது. வல்லக்கோட்டைக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டாள். யாருக்கு மொட்டை என்று யோசிக்கவில்லை.

ஒரகடம் சாலையோரக் காலி மனையில் பச்சைக் கம்பாக்டர் நின்றிருந்தது. மினி டிப்பர் கொட்டிவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தது. வண்டியின் பக்கவாட்டில் கலைமணி லீவரைப் பிடித்தபடி நின்றான். வாய்க்குள் பிளேடு இறங்கி, வாரி, மேலே போய்க்கொண்டிருந்தது.

"கலைமணி! நிறுத்து!"

இரைச்சலில் மஞ்சுளாவின் குரல் அவளுக்கே கேட்கவில்லை. ஸ்கூட்டி நிற்பதற்குள் சசிரேகா குதித்து ஓடினாள். இடுப்பு வலியெல்லாம் எங்கே போனதோ, லீவருக்கு மேலிருந்த சிவப்புப் பொத்தானை ஓங்கிக் குத்தினாள். பிளேடு பாதியில் நின்றது. கறுப்புத் தண்ணீர் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

"இன்னாக்கா, அறிவு கீதா?" என்று திரும்பிய கலைமணி, மஞ்சுளாவைக் கண்டதும் குரலை இறக்கினான். "அண்ணி? நீங்க இன்னா இங்க?"

மஞ்சுளா சொன்னாள். வார்த்தைகள் முன்னும் பின்னுமாக வந்தன. அவன் வாய்க்குள் எட்டிப் பார்த்தான். அங்கே இருந்ததெல்லாம் சாப்பாட்டு இலைகளும் தண்ணீர் பாட்டில்களும்தான்.

"கவருங்கள்லாம் போன லோடுலயே வந்துச்சி அண்ணி. அது உள்ள பூடுச்சி. ஒரு தபா அமுக்கிட்டேன்."

மஞ்சுளா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். சசிரேகா தலையில் அடித்துக்கொண்டாள்.

"கடைசியா போனது முதல்ல வரும்" என்றாள் மஞ்சுளா. தானே சொன்னோமா என்று இருந்தது. "மாமா சொல்வாரு. இந்த வண்டிய கவுக்க வேணாம், பின்வாயத் தூக்கிட்டு உள்ள கீற தகட்டத் தள்ளினா போதும், கடைசியா போனது முதல்ல வரும்னு."

"வரும். குப்பை கொட்ற யார்டுல போயி தள்ளணும் அண்ணி. நடுரோட்டுல வாயத் தொறந்தா ஆபீசு கம்ப்யூட்டர்ல காட்டிக் குடுத்துடும். நேத்துதான் சாவி குடுத்துகீறான், இன்னிக்கே புடுங்கிக்குவான்." அவன் கேபின் பக்கம் திரும்பினான். "யார்டுக்கே வாங்க. பின்னாலயே வாங்க, பாத்துக்கலாம்."

யார்டில் எத்தனை வண்டிகள் கொட்டும், அதில் ஒரு கறுப்பு கவரை எங்கே போய்த் தேடுவது என்று அவனுக்கும் தெரியும். போகிற வழியெல்லாம் குலுங்கி அந்த மண் கலயம் என்ன ஆகும் என்றும் தெரியும். மஞ்சுளா எழுந்து ஸ்கூட்டிச் சாவியை எடுத்தாள். அவளும் கம்பெனி லைனில் வேலை பார்க்கிறவள், சூப்பர்வைசர் என்றால் என்ன என்று தெரிந்தவள்.

கலைமணி கேபினில் ஏறினான். கிளம்பிவிட்டான் என்றுதான் அவள் நினைத்தாள். வண்டி பின்பக்கமாக நகர்ந்து, புதர் மறைவில் நின்றது. அவன் இறங்கி முன்பக்க லீவருக்குப் போனான்.

"தள்ளி நில்லுங்க. இது அண்ணன் வண்டி. அண்ணன எறக்கிட்டுதான் போவும்."

பின்வாய் முழுசாக மேலே எழுந்தது. உள்ளே சுவர்போல அமுங்கியிருந்த குப்பை தெரிந்தது. தகடு மெல்ல வெளிப்பக்கம் தள்ள, அந்தச் சுவர் ஓரத்தில் பிளந்து பொலபொலவென்று சரிந்தது. போதும் என்று சசிரேகா கை காட்டினாள். கேபினில் போன் அடித்தது. கலைமணி அதைத் திரும்பிப் பார்த்தான், எடுக்கவில்லை. மூன்று பேரும் குனிந்தார்கள்.

எல்லாமே கறுப்பு கவர்கள். சசிரேகா கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் கையால் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். மஞ்சுளா ஒன்றைக் கிழித்தாள், குழந்தைகளின் டயப்பர். இன்னொன்றைக் கிழித்தாள், கோழி இறகு. போன் நின்று, மறுபடி அடித்தது. மாமா, எங்க கீறீங்க மாமா, வாங்க மாமா என்று அவள் வாய்விட்டே கூப்பிட்டாள். வெட்கமெல்லாம் எப்போதோ போய்விட்டது.

"இந்தா! கனமா கீது!" சசிரேகா கத்தினாள்.

கேன்டீன் சோற்று மூட்டைக்குள் புதைந்திருந்தது அது. கவர் கிழிந்திருந்தது. கலயத்தின் கழுத்தில் ஒரு விரிசல். கோதண்டம் இறுக்கிக் கட்டிய வெள்ளைத் துணி நிறம் மாறியிருந்ததே தவிர, அவிழவில்லை. மஞ்சுளா அதை மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டு அழுதாள். மாமா செத்ததற்கு அவள் சரியாக அழுதது அப்போதுதான்.

கலைமணி கலயத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பிறகு போனை எடுத்தான். "சார்... ஆமா சார். தொறந்தேன் சார். இல்ல, ரிப்பேர் இல்ல." அதற்குமேல் அவன் என்ன சொன்னான் என்று அவள் கேட்கவில்லை. சரிந்த குப்பையைச் சசிரேகா திரும்ப அள்ளிப் போட ஆரம்பித்திருந்தாள்.

"நீ போடி, நேரமாச்சு" என்றாள்.

வீட்டு முன்னால் வேன் நின்றிருந்தது. புருஷன் ஸ்ரீதர் டிரைவரோடு பேசிக்கொண்டிருந்தான். கோதண்டம் முருங்கையடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். சேலையெல்லாம் கறையும் நாற்றமுமாக அவர்கள் முன்னால் எப்படிப் போய் நிற்பது? மஞ்சுளா ஸ்கூட்டியை ஓரமாக விட்டுவிட்டுப் பக்கத்துச் சந்தில் நுழைந்தாள். பின்பக்கம் வீட்டுக்குள் சேர்த்தியில்லை. அங்கே வைத்துத் துடைத்துக்கொண்டு வந்துவிடலாம், கேட்டால் கிளை முறிந்ததென்று சொல்லிக்கொள்ளலாம்.

துவைக்கிற கல்லில் அத்தை தனியாக உட்கார்ந்திருந்தாள். சந்தில் காலடிச் சத்தம் கேட்டதும் சட்டென்று தலை நிமிர்ந்தாள்.

மஞ்சுளா நின்றுவிட்டாள். அத்தை அவள் சேலையைப் பார்த்தாள், கையிலிருந்ததைப் பார்த்தாள். காற்று இந்தப் பக்கமாக வீசியது. அத்தையின் மூக்கு லேசாக விரிந்தது. வருஷக்கணக்காகத் தினமும் இதே சந்து வழியாக வந்த வாடை.

"அத்தை, நான்..."

"கல்லு மேல வை" என்றாள் பாஞ்சாலி.

வைத்தாள். வந்தவர்கள் குளிக்க ஓரத்து அடுப்பில் அண்டா நிறைய வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. அத்தை எழுந்து போய் ஒரு வாளி மொண்டு வந்தாள். மாடத்திலிருந்து சோப்பு டப்பாவை எடுத்தாள். முந்தானையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள்.

முன்னாலிருந்து கோதண்டத்தின் குரல் பதறிக்கொண்டு வந்தது. "அண்ணி! மரத்துல கலயத்தக் காணோம்! எங்க வெச்சீங்க? வேன் காத்துகினு கீது!"

"கொஞ்சம் இருக்கச் சொல்லு" என்றாள் அத்தை, மஞ்சுளாவைப் பார்க்காமலேயே. "இப்பத்தான் வந்தாரு."

வாளிக்குள் கையை விட்டுப் பார்த்தாள். சூடு அதிகம். குழாயைத் திறந்து ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் பிடித்து ஊற்றி விளாவினாள்.