கேசாதிபாத அலமாரி

1

1969, ஆனி மாதம், திங்கட்கிழமை, காலை ஒன்பது இருபது.

நேரத்தை நான்தான் வைத்தேன். உண்மை இவ்வளவே: காஞ்சிபுரத்தில் ஒரு பழைய சாமான் கடையில் இழுப்பறை அலமாரி ஒன்றைப் பார்த்தேன். மேலிருந்து கீழாகச் சீட்டுகள் ஒட்டியிருந்தன. நெற்றி, கன்னம், கழுத்து, தோள். அதற்குக் கீழே படிக்கக் கூச்சமாக இருந்தது. கடைக்காரருக்குக் கதை தெரியவில்லை. ஆகவே இனி வருவதெல்லாம் என் பொய்.

2

கோதண்டபாணி முசரவாக்கத்திலிருந்து சைக்கிளில் வரும் குமாஸ்தா. பட்டுச் சங்கம் ஒன்றின் ஆபீசுக்குப் புதியவர். ஊழியர்களில் நான்கு கமலாட்சி, மூன்று தையல்நாயகி, ஏழு மாணிக்கவாசகம். பெயர் குழம்பாமலிருக்க ஆளுக்கொரு எண் கொடுத்துப் பார்த்தார். எட்டு ராசியில்லை என்று அதை வாங்க யாரும் கை நீட்டவில்லை. பதினேழும் கூட்டினால் எட்டு என்று திரும்பி வந்தது. இருபத்தாறை வாங்கியவர் அதே கணக்கைச் சொல்லி வீட்டிலிருந்து பெண்டாட்டியோடு வந்தார்.

அப்போதுதான் வேலைக்குச் சேரும்போது டாக்டர் எழுதிய அங்க அடையாளங்கள் கண்ணில் பட்டன. ஒருவர் மச்சம் இன்னொருவருக்கு வராது. புலவர்கள் வர்ணிக்கும் கேசாதிபாத வரிசையில், தலைமுதல் கால்வரை, எல்லார் சீட்டையும் அலமாரியின் அறைகளில் அடுக்கினார். சந்தோஷத்தில் அன்று இரண்டு தடவை காபி குடித்தார்.

3

மூன்று தையல்நாயகிகளில் இவள் நூல் சுற்றுகிறவள். அவள் கண்களில் ஒரு சோகம்

(இல்லை. சோகமில்லை. அவசரம்.)

பக்கத்து ஊரான கூரத்தில் தங்கைக்கு இடுப்பு வலி கண்டுவிட்டது. தலைப்பிரசவம், கூட யாருமில்லை. பத்து மணிக்குப் பஸ். லீவு கேட்டால் அடையாளம் சொல்ல வேண்டும். சொன்னால் குமாஸ்தா அவள் சீட்டுள்ள இழுப்பறையைத் திறப்பார், வரிசையே பார்க்கும். சொல்லாமல் போனால் வேலை போகும். அவள் அறை அலமாரியின் நடுவில் இருக்கிறது. அதன் பெயரை நான் எழுதவில்லை.

நெற்றித் தழும்புக்காரர்கள் இப்போதெல்லாம் நிமிர்ந்து நடக்கிறார்கள்.* கழுத்துக்குக் கீழே உள்ளவர்கள் லீவே எடுப்பதில்லை. சங்கத்தில் இவ்வளவு வேலை நடந்ததே இல்லை என்று தலைவர் பாராட்டினார்.

* சாயம் போடும் மாணிக்கவாசகம், "நாங்கல்லாம் மேல் அறைபா" என்று சொல்லிக்கொண்டு திரிகிறான். சின்ன வயதில் மாடு முட்டிய தழும்பு.

4

முடிவுகள்:

அ) நெற்றித் தழும்பு என்று பொய் சொல்லி வேறொருத்தியின் லீவில் கூரம் போகிறாள். அந்த வேறொருத்தி வேலை செய்துகொண்டே வராதவள் ஆகிறாள். எழுதும்போது சிரித்தேன். அவளை நினைத்ததும் கோடு போட்டு அடித்தேன்.

ஆ) கோதண்டபாணி மனம் மாறி அலமாரியைக் கலைக்கிறார். அவரைச் செய்தவன் நான். அவர் மாறமாட்டார்.

இ) குழந்தை பெரியம்மாவுக்காகக் காத்திருந்து

(குழந்தைக்குப் பஸ் நேரம் தெரியுமா?)

5

வரிசை நகர்ந்தது. பஸ்ஸுக்கு இன்னும் பத்து நிமிடம்.

"அடையாளம் சொல்லுமா," என்றார் கோதண்டபாணி, தலை நிமிராமல். அவளுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர். மாணிக்கவாசகம் எட்டிப் பார்த்தான்.

இங்கே அவளுக்கு நான் மூன்று வசனம் எழுதி வைத்திருந்தேன். ஒன்றையும் அவள் எடுத்துக்கொள்ளவில்லை. லீவு கிடைத்ததா, பஸ் கிடைத்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். உங்களுக்குத் தோன்றியதை எழுதிக்கொள்ளுங்கள். என் காதில் விழுந்தது இவ்வளவுதான். அவள் மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்கிற மாதிரி நிதானமாகக் கேட்டாள்:

"நீங்களும் இங்கதான சார் வேலை பாக்குறீங்க, உங்க சீட்டு எந்த அறையில இருக்குது?"