மார்பு உயரத்தில் பூஜ்யம்

எங்கள் ரசாயனக் கசிவு மீட்புக் குழுவுக்கு அன்றைக்கு அது மூன்றாவது அழைப்பு. முதலாவது ஒழுகிய லாரி, இரண்டாவது யாரோ பயந்துபோய்க் கிளப்பிய புரளி. மூன்றாவது நிஜம். இரும்பு உருப்படிகளில் எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கும் பட்டறையில் பாரம் தூக்கும் வண்டி ஒரு பீப்பாயைக் குத்திவிட்டது. இருநூறு லிட்டர் கரைப்பான் தரையில் ஓடி, கழுவும் தொட்டிக்குப் பக்கத்துப் பள்ளத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. காலையில் குடித்த டீயைத் தவிர எங்கள் வயிற்றில் ஒன்றும் இல்லை.

என் வேலை வாசலில் பலகை பிடிப்பது. யார் எத்தனை மணிக்கு உள்ளே போனார், சிலிண்டரில் எவ்வளவு காற்று மிச்சம் என்று எழுதிக்கொண்டு, வாக்கிடாக்கியில் உத்தரவு சொல்ல வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்பு நானும் உள்ளே போகிறவன்தான். நுரையீரல் பலம் பார்க்கும் மூச்சுப் பரிசோதனையில் எனக்குப் பதிலாக வேறொருவனை ஊத வைத்தேன்; மாட்டிக்கொண்டதும் வாசலோடு நிறுத்திவிட்டார்கள். அதை அதிகாரியிடம் போட்டுக் கொடுத்தவன் இதே குழுவில் இருக்கும் என் மச்சினன், என் மனைவியின் தம்பி. அன்றிலிருந்து அவனோடு பேச்சு கிடையாது. வேலைக்காக வாக்கிடாக்கியில் பேசுவதோடு சரி. அதிலும் அவன் இரண்டு வார்த்தை கூடப் பேசினால் நறுக்கென்று வெட்டிவிடுவேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், எல்லோருக்கும் தெரியும். வந்த கோபத்தை இறக்கி வைக்கத்தான் எனக்குத் தெரியாது.

மச்சினனும் நாங்கள் ஒட்டகம் என்று கூப்பிடும் இன்னொருவனும் உள்ளே போனார்கள். ஆறடிக்கு மேல் வளர்ந்துவிட்டவனை வேறென்ன சொல்லிக் கூப்பிடுவது? மண் கொட்டி, உறிஞ்ச விட்டு, அள்ளி அள்ளி டிரம்மில் போட்டார்கள். அந்த ரப்பர் உடைக்குள் மனிதன் வெந்துபோவான். சிலிண்டர் மாற்ற ஒரு தடவை வெளியே வந்துவிட்டு மறுபடி போனார்கள்.

"மீட்டர் பூஜ்யம்," என்றான் மச்சினன். "மாஸ்க்கைக் கழட்டலாமா?"

இந்தக் கரைப்பானின் ஆவி காற்றை விடக் கனம். தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும். அதனால் நான் மூன்று உயரம் கேட்க வேண்டும்: கணுக்கால், முழங்கால், மார்பு. ஒவ்வொன்றுக்கும் அவன் எண் சொல்ல வேண்டும். ஆவியை அளக்கும் மீட்டர் தொங்குவது மார்பில், அதைக் கழற்றிக் கீழே பிடித்தால்தான் கீழே இருப்பது தெரியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன் இதை. அன்றைக்குக் கேட்கவில்லை. அலுப்பு, பசி, அவன் குரலைக் கேட்டாலே வருகிற எரிச்சல்.

"கழட்டு. சீக்கிரம் முடி," என்றேன்.

கழற்றினான். ஒட்டகமும் கழற்றினான். பள்ளத்தோரம் மிச்ச மண்ணை அள்ளக் குனிந்த மச்சினன் நிமிரவே இல்லை. ஒட்டகம் தன் மாஸ்க்கை மறுபடி மாட்டிக்கொண்டு அவனைத் தோளில் போட்டுத் தூக்கி வந்தான். சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவி உடையை உரித்தபோது மச்சினன் கண்ணைத் திறந்து, "இனிப்பா ஒரு வாசனை, மாமா," என்றான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் சொன்னார். "இது உள்ள போனா இதயம் சட்டுனு மிரளும். பயம், கோபம் எதுவும் கூடாது. படபடப்பு வந்தா துடிப்பு தாறுமாறாகி நின்னுகூடப் போகலாம். ஆறு மணி நேரம் பாக்கணும். அவரைக் கோபப்படுத்தாத ஆள் யாராவது பக்கத்துல இருங்க."

"அப்ப இவரைத் தவிர யாரை வேணா உக்கார வைங்க, டாக்டர்," என்றான் ஒட்டகம். சிரிக்கக்கூட யாருக்கும் தெம்பில்லை. அதற்குள் நான்காவது அழைப்பு வந்துவிட்டது. பலகை பிடிக்க யார் வேண்டுமானாலும் போதும் என்று என்னை விட்டுவிட்டுப் போனார்கள்.

உட்கார்ந்தேன். திரையில் பச்சைக் கோடு ஓடியது. துடிப்பு எண்பதிலிருந்து தொண்ணூற்றைந்துக்கு ஏறும்போதெல்லாம் அது இறங்கும்வரை திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இவன் செத்தால் கொன்றது நான். ஆறு மணி நேரமும் மனசில் வேறெதுவும் இல்லை.

"நான் என்ன தப்பு பண்ணேன், மாமா?"

"ஒரு தப்பும் இல்ல. காத்து சரியா ஓடலை, அவ்வளவுதான்," என்று புளுகினேன். உண்மையைச் சொன்னால் கொதிப்பான், கொதித்தால் போய்விடுவான்.

பிறகு வாயை மூடவில்லை நான். சமையலறைக் குழாய் ஒழுகுவது, என் ஸ்கூட்டர் சீட்டைப் பூனை பிறாண்டிப் பஞ்சாக்கியது, அவன் அக்கா முடி வெட்டிக்கொண்டு வந்ததை நான் கவனிக்காமல் வாங்கிக் கட்டிக்கொண்டது என்று இரண்டு வருடத்துக் கதையையும் மெல்லிய குரலில் சொல்லித் தீர்த்தேன். தொண்டை வறண்டது. அவன் கண்ணை மூடியபடி சிரித்தான். நடுவில் மனைவி போன் செய்தாள்.

"நான் இப்பவே வர்றேன். அழமாட்டேன்."

"சீரியலுக்கே அழுறவ நீ. டாக்டர் சொன்னப்புறம் வா. நான் பேசிக்கிட்டுத்தான் இருக்கேன் அவன்கிட்ட."

"யாரு, நீங்களா?" என்றாள்.

சாயங்காலம் ஏழு மணிக்கு டாக்டரம்மா வந்து, கோடு ஒழுங்காக இருக்கிறது, ஆபத்துக் கட்டம் தாண்டிவிட்டது என்று ஒயர்களைக் கழற்றினார். இனிமேல் கோபம் வந்தால் தாங்குவானா என்று கேட்டேன். தாங்குவான் என்றார். அவர் போகும்வரை காத்திருந்தேன்.

"மூணு உயரமும் நான் கேக்கலைடா. தப்பு என்னுது. ரிப்போர்ட்ல அப்படியே எழுதிட்டேன்."

"தெரியும், மாமா. நீங்க என்ன சொல்றீங்கன்னு பாக்கத்தான் அப்படிக் கேட்டேன். நீங்க கேக்காம விட்டது அப்பவே தெரிஞ்சுது."

"தெரிஞ்சுமா கழட்டினே? கீழ பிடிச்சுப் பாத்துட்டு நீயாவது சொல்லக் கூடாதா?" என் குரல் தன்னால் ஏறியது.

அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "சொல்லத்தான் வாக்கிடாக்கி பட்டனை அழுத்தினேன். திருப்பிக் கேட்டா உங்களுக்குப் பிடிக்காது. எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன்."

பையிலிருந்த ரிப்போர்ட்டை எடுத்து மடியில் வைத்தேன். 'காரணம்' என்ற கட்டத்தில், மூன்று உயரமும் நான் கேட்கவில்லை, மீட்டர் மார்பு உயரத்தில் மட்டும் பார்க்கப்பட்டது என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு, பக்கத்தில் இருந்த கொஞ்சம் இடத்தில் நெருக்கி எழுதினேன்: உள்ளே இருந்தவருக்குப் பலகை பிடித்தவரிடம் பேசப் பயம்.