குசும்பாச் சிவப்பு

“ஏய் தேவி, அந்த அண்டாவ ஊத்தாதம்மா!”

கலையரசி கத்துவதற்குள், அண்ணன் நேற்று பூவை ஊறப்போட்ட மஞ்சள் தண்ணீர் முழுக்கச் சாக்கடையில் போய்விட்டது. அண்ணன் மருமகள் தேவிப்ரியா காலி அண்டாவோடு நிமிர்ந்தாள்.

“சாவு வீட்ல தண்ணி தேக்கி வெக்கக் கூடாதுன்னு எதிர்வீட்டம்மா சொன்னாங்க அத்தை. ஊறின பூவயும் புழிஞ்சி அந்த பக்கெட்ல போட்டுட்டேன்.”

தரை கழுவச் சோடா உப்பு கரைத்து வைத்திருந்த பக்கெட்.

கூடத்தில் அண்ணன் தனசேகரன் மாலையோடு படுத்திருந்தார். விடிகாலை காபி டம்ளரைக் கீழே வைத்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். ஒரு மணிக்கு எடுப்பதாக முடிவு. இப்போது பதினொன்று.

பிள்ளையார்பாளையத்தில் முப்பத்தைந்து வருடம் பட்டுக்குச் சாயம் போட்டவர். மூன்று வருடத்துக்கு முன் கிளித் தீனியிலிருந்து சிதறிய ஒரு வெள்ளை விதை கொல்லையில் முளைத்தது. இலையெல்லாம் முள். பூத்தபோது சாமந்தி, சூரியகாந்தி வகையறா என்று பட்டது. விதைக் கடைக்காரர் ‘குசும்பா’ என்றார்.

அவ்வளவுதான். தென்னேரியில் கால் காணி குத்தகை. ஐப்பசியில் விதைத்து ஒரு தண்ணீர் விட்டால் போதும், வறண்டாலும் வேர் ஆழத்தில் தேடிக்கொள்ளும். மாசியில் இதழ் செம்மஞ்சளாக வாடும்போது கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு பறிப்பார். அந்தப் பூவில் சிவப்பு இருக்கிறதாம். மூன்று வருடமும் வந்தது மஞ்சள்தான்.

“மஞ்சளுக்குக் கெழங்கு இருக்குதே, முள்ளு எதுக்குண்ணா?” நேற்றுகூடக் கேட்டுச் சிரித்தாள் கலையரசி.

“சிரி, சிரி. செவப்பு வரட்டும், உன் மூஞ்சில பூசறேன்.”

பக்கெட்டைத் தூக்கப் போனவள் அப்படியே நின்றாள்.

தண்ணீர் செங்கல் நிறத்தில் இருந்தது.

கலையரசிக்குப் புரிந்துவிட்டது. அண்ணன் எப்போதும் பூவைக் கொதிக்க வைத்து, தண்ணீரை எடுத்துக்கொண்டு சக்கையை எறிவார். எந்தச் சாயக்காரரும் அப்படித்தான் செய்வார். சிவப்பு சக்கையில் ஒளிந்திருக்கிறது, சோடா உப்பு அதை வெளியே இழுத்திருக்கிறது!

“பாலாஜி! வீட்ல எலுமிச்சம்பழம் இருக்குதா?”

“வர்றவங்களுக்கு ஜூஸ் போட இருபது வாங்கினேன் அத்தை.”

“எல்லாத்தயும் அறு.”

“அத்தை, அப்பா அங்க படுத்துக்கினு இருக்காரு...”

“அவருக்குத்தான்பா. அறு.”

பட்டில் சாயம் நிற்கப் புளிப்பு வேண்டும். அது அந்தத் தெருக் குழந்தைக்கும் தெரியும். சக்கையை வடிகட்டினாள். சாறு விழுந்ததும் நுரை பொங்கியது. துக்கம் கேட்க வந்தவர்கள் கொல்லையில் எட்டிப் பார்த்தார்கள். வெள்ளைப் பட்டு நூல் கட்டு ஒன்றை, ஒரு முழுச் சிட்டத்தை, அதில் முக்கினாள்.

பத்து நிமிடம். இருபது. மேளக்காரர்கள் வந்துவிட்டார்கள். பாலாஜி கைக்கடிகாரத்தைப் பார்த்தான். யாரோ, “பாவம், புத்தி பேதலிச்சிடுச்சி” என்றார்கள்.

தண்ணீரில் அலசித் தூக்கினாள்.

ரோஜாச் சிவப்பு! வெயில் பட்டதும் பட்டு பளீரென்று மின்னியது.

“அய்யோ, வந்துடுச்சி அத்தை!” தேவிப்ரியா குதித்தேவிட்டாள். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அண்ணி நீலாம்பாள் தலைமாட்டிலிருந்து எழுந்து வந்தாள். ஈர நூலைத் தடவினாள். திரும்பிப் புருஷனைப் பார்த்தாள்.

“யோவ், ஊத்த வேண்டியத வெச்சிக்கினு, வெக்க வேண்டியத ஊத்திக்கினு இருந்திருக்கியேய்யா!”

சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு பீறிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. “அண்ணி, எல்லாரும் பாக்கறாங்க” என்ற கலையரசியும் சிரித்தாள். அறுத்த பழத்தோடு நின்ற பாலாஜியும் சிரித்தான். மேளக்காரர்கள் அடிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஒரு மணிக்குப் பாடையைத் தூக்கினார்கள். வாசலில் கட்டிய கொடியில், அப்போதுதான் இன்னொரு முறை முக்கிப் போட்ட சிட்டம் சொட்டிக்கொண்டிருந்தது.

“கொடிய அவுத்துடலாமா அத்தை?” என்றான் பாலாஜி.

“வேணாம்பா.”

கலையரசி நுனிக்காலில் நின்று கொடியை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தாள். அண்ணன் அதனடியில் மெல்லப் போனார். மேலே போர்த்தியிருந்த புது வேட்டியில் மூன்று சொட்டுகள் விழுந்து சிவப்பாகப் பரவின.