கல் ஒத்துக்கொள்ளுமா

யதுர்ஷாவுக்குச் சயூரனைக் கட்ட விருப்பமில்லை. அதை வாய் திறந்து சொல்லத் துணிவில்லாமல்தான் அவள் அந்த மோதிரத்தை நம்பினாள்.

உரோமர் காலத்து மோதிரம். நோர்வேயின் ஸ்தவாங்கர் நகரில் எண்ணெய்க் கம்பனியில் இஞ்சினியராக இருக்கும் சயூரன் ஏலத்தில் எடுத்து, நிச்சயதார்த்தத்துக்கென்று ஒஸ்லோவுக்கு அனுப்பியிருந்தான். மெல்லிய பொன் வளையம், அதில் சூதுபவளம், அந்தச் சிவப்புக் கல்லில் நகமளவு சிங்கம் ஒன்று செதுக்கியிருந்தது. அழகுதான், இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகும். ஆனால் அவள் வேலையை விடுவது, ஸ்தவாங்கருக்கு வருவது, எந்த வீட்டில் இருப்பது என்று எல்லாவற்றையும் அவளைக் கேளாமலே முடிவெடுத்த புண்ணியவான், விரலின் அளவையும் கேட்கவில்லை.

அம்மா சிறிதேவிக்கு வேறு பயம். எந்தச் செத்தவரின் விரலில் கிடந்த கல்லோ! நீலக்கல்லுக்குப் பார்ப்பதுபோலச் சில நாள் போட்டுப் பார், ஒத்துக்கொள்ளாவிட்டால் மோதிரமும் வேண்டாம், சம்பந்தமும் வேண்டாம் என்றாள். யதுர்ஷாவுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. ஒரு கெட்ட கனவு கண்டதாகச் சொன்னால் போதும், யார் மனமும் நோகாமல் தப்பிவிடலாம். இறுக்கமாக இருந்த மோதிரத்தை அழுத்தி, விரல் மூட்டைத் தாண்டித் தள்ளினாள்.

விடிந்தபோது அது கழலவில்லை. சவர்க்காரம், நல்லெண்ணெய், நூல், எதற்கும் அது மசியவில்லை. அவள் கனவைச் சொல்ல வாயெடுக்குமுன் அம்மா அவர்கள் குடியிருந்த அம்மருட் பகுதி முழுக்கப் போன் போட்டுவிட்டாள்: கல் பிள்ளையை விடாமல் பிடித்துக்கொண்டதாம், இதைவிடப் பொருத்தம் வேண்டுமா? தான் வெட்டிய குழியில் தானே விழுந்தவள் யாரிடம் போய் முறையிடுவாள்?

அடுத்த நாள் விரல் வீங்கி நாவற்பழ நிறமாகிவிட்டது. இருவரும் அவசர மருத்துவ நிலையத்துக்கு ஓடினார்கள். தாதி மோதிரம் அறுக்கும் சிறு கருவியை எடுத்ததும், மாப்பிள்ளையைக் கேட்காமல் வெட்டக்கூடாதென்று அம்மா மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு போன் எடுத்தாள்.

"வெட்ட விடாதேங்கோ, மாமி. ரெண்டாயிரம் வருசமாக் கீறல் படாத சாமான்," என்றான் சயூரன். "நாளைக்கு நான் வாறன். அதுமட்டும் யதுர்ஷாவைப் பொறுக்கச் சொல்லுங்கோ."

நாளை வரை வைத்திருந்தால் விரல் போய்விடும் என்றாள் தாதி. அம்மாவின் முகம் வெளிறியது. பிடியை மட்டும் விடவில்லை.

"பிள்ளை, கெட்ட கனவு ஏதும் கண்டனியோ?" என்று கெஞ்சுவதுபோலக் கேட்டாள்.

யதுர்ஷா அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். "இல்லை அம்மா. கல்லிலை ஒரு பிழையும் இல்லை. எனக்குச் சயூரனைக் கட்ட விருப்பமில்லை."

அது போனில் சயூரனுக்கும் கேட்டது.

"அப்ப மோதிரம்?" என்றான் சயூரன்.

அம்மா மகளின் மணிக்கட்டை விட்டுவிட்டு, வெட்டச் சொல்லித் தாதிக்குத் தலையாட்டினாள்.